அக்காவுக்குப் பார்த்த வைத்தியம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கே மலர் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் இருக்கும் அண்ணன் சொன்னார். அச்சகத்துக்குப் படமும் கொடுத்தாகிவிட்டது. எழுத வேண்டியவன் நான். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று பயந்தேன். அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. பன்னிரண்டு வருடமாகத் தூங்காத தூக்கம். அதனால் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலர் துக்கத்துக்கு வந்தபோதே என்னைத் தனியாக அழைத்து, "ஊசிய ஏன் நிறுத்தனீங்க? போட்டிருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாங்களே" என்று கேட்டீர்கள். அன்று பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா சேவூரில் பிறந்தார். மூத்த பிள்ளை. அவருக்குப் பின் அண்ணன், கடைசியில் நான். எனக்கும் அவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். அப்பா பட்டுத்தறி நெய்தார். என்னைப் பெற்ற பிறகு அம்மாவுக்கு உடம்பு தேறவே இல்லை. அதனால் என்னைக் குளிப்பாட்டியதும் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அக்காதான். பள்ளியில் தாயார் பெயர் கேட்டபோது அக்காவின் பெயரைச் சொன்னேனாம். அதை அவர் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

பத்தொன்பது வயதில் தெள்ளாரில் திருமணம் செய்து கொடுத்தார்கள். மூன்றாவது வருடம் மாமா சாலை விபத்தில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அக்கா ஒரு இரும்புப் பெட்டியோடு சேவூர் திரும்பினார். "இன்னொரு எடம் பாக்கலாம்மா" என்று அப்பா சொன்னதற்கு, "எடம் வேணாம்பா, படிக்க வையி" என்றாராம். ஆசிரியர் பயிற்சி முடித்து, போளூர் பக்கம் ஒரு ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் காலை ஏழரை மணி பஸ். அதே பள்ளியில் தலைமை ஆசிரியை ஆனார். அண்ணனைக் கல்லூரிக்கு அனுப்பியதும், எனக்குத் தறி போட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கையெழுத்துப் போடும் எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் போடமாட்டார். கோபக்காரர். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் என் மனைவி மல்லிகா அன்று முழுதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இறந்தவர் என்பதற்காக அதை மறைக்க நான் விரும்பவில்லை.

நோய் எப்போது வந்தது என்று எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. முப்பத்துமூன்று வயதில் ஒருமுறை அவருடைய இடது கண்ணில் புகை படர்ந்தாற்போல் மங்கியது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் தானாகவே தெளிந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் மறந்துவிட்டோம்.

பிறகு ஐம்பத்துநான்காவது வயதில் தேர்தல் வேலைக்குப் போனார். நல்ல கோடை. வாக்குச்சாவடி மாடியில் இருந்தது. மதியத்துக்கு மேல் படியிறங்கும்போது வலது கால் தூக்க வரவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு இறங்கினாராம். மாலையில் வெயில் தணிந்ததும் கால் சரியாகிவிட்டது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அப்படி ஆன பிறகுதான் சொன்னார்.

ஆரணியில் ஒரு டாக்டரிடம் போனோம். "அம்பத்திநாலு வயசு ஆயிடுச்சி இல்லீங்களா டீச்சர், எல்லாம் தேய்மானம்தான்" என்று சொல்லிக் கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார். ஒரு வருடம் அதைக் கட்டிக்கொண்டே பள்ளிக்குப் போனார். அதற்குப் பின் சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. இன்னொரு டாக்டர் லேசான பக்கவாதம் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதினார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வயதில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவைதான் இருக்கும்.

குறை சொல்ல வேண்டியது என்னை. பக்கவாதம் என்றதும் நான்தான் ஒரு வைத்தியரைக் கண்டுபிடித்தேன். எண்ணெய் தேய்த்து, துணி மூட்டையைக் கொதிக்கக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். அங்கேயே தங்க வேண்டும். மூன்றாம் நாளே அக்கா சொன்னார்.

"சூடு பட்டா கால் செத்துப்போற மாதிரி இருக்குதுடா. போயிடலாம்."

"நோவு வெளிய வர்றப்போ அப்படித்தான் இருக்குமாம்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

இருபத்தோரு நாள் பொறுத்துக்கொண்டார். போகும்போது கோலூன்றி நடந்து போனவரை, திரும்பி வந்தபோது ஆட்டோவிலிருந்து நான் தூக்கி இறக்கினேன்.

அதன் பிறகுதான் வேலூருக்குப் போனோம். நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். என்னைவிட வயது குறைந்தவர். ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பே அவர் அக்காவிடம் கேட்டார், "டீச்சர், சின்ன வயசுல எப்பவாவது ஒரு கண்ணு மட்டும் மங்கலாகி, அப்புறம் சரியாச்சா?"

அக்கா இடது கண்ணை ஒருமுறை கையால் மூடித் திறந்தார். பிறகு, "ஆச்சுங்க. ஆனா அதுக்கு இருவது வருஷத்துக்கு மேல ஆவுது" என்றார்.

"வெயில்ல போனா, வெந்நீர்ல குளிச்சா கால் மோசமாகுதா?"

"ஆமாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்த ஒத்தடத்தைப் பற்றி அன்று டாக்டரிடம் சொல்லவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கிற நோய். அக்கா அந்த நோயின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, எழுத்து சரிதானா என்று டாக்டரிடம் காட்டினார்.

"அப்போ இது வயசான நோவு இல்லைங்களா?"

"இல்ல டீச்சர். சாதாரணமா இருபது, முப்பது வயசுல தெரியவர்ற நோய். உங்களுக்கும் அப்பவே வந்திருக்கு, கண்ணுல. இப்ப அது வயசான உடம்புல இருக்கு. அதுதான் எங்களுக்கும் கஷ்டம். உங்களுக்குக் கொடுக்கற ஒவ்வொரு மருந்தையும் நான் ரெண்டு தடவை யோசிச்சுத்தான் கொடுப்பேன்."

"கொணமாவுமா?"

"ஆன சேதத்தைத் திருப்ப முடியாது. புதுசா வராம தடுக்கப் பார்க்கலாம்."

அக்கா தலையாட்டினார். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வெந்நீர் வேணாம்னு மல்லிகாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

முதலில் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கால் ஓரளவு திரும்பியது. கூடவே சர்க்கரை வந்தது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூரில் ஒரு ஊசி மருந்து. குளுக்கோஸ் போல நாள் முழுக்க மெதுவாக ஏறும். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் முன்னதாகச் சளி, காசநோய், மஞ்சள்காமாலை எல்லாம் சோதிப்பார்கள். ஏற்றிய பிறகு இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போவார். கடைசி ஒரு வருடப் பணியை நாற்காலியில் உட்கார்ந்தே முடித்தார். பணி நிறைவு விழாவில் உட்கார்ந்து பேசச் சொன்னபோது, "நின்னுதான் பேசுவேன்" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி சொன்னதோடு பேச்சை முடித்துக்கொண்டார். அதற்கு மேல் கால் நிற்கவில்லை என்பது எனக்கும் மல்லிகாவுக்கும் மட்டும் தெரியும்.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தறி அறை. பட்டு இழை அறுந்துபோகாமல் இருக்க அங்கே எப்போதும் ஈரம் வைத்திருப்போம். அக்காவின் கட்டிலை அங்கே போட்டோம். சித்திரை, வைகாசியில் கழுத்தில் ஈரத்துண்டு. குளியல் விடிந்ததும் பச்சைத் தண்ணீரில். என் தறிச் சத்தத்தில் அவர் கூப்பிடுவது கேட்காது. அதனால் சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை தறியிலிருந்து எழுந்திருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சேலை முடிக்க முன்பு ஆன நாளைப்போல ஒன்றரை மடங்கு ஆனது. மல்லிகாவுக்கோ அதற்கும் மேல். சிறுநீர் தானாக இறங்காமல் போன பிறகு ஒரு நாளைக்கு நான்கு முறை குழாய் வைத்து எடுக்க வேண்டும். மருத்துவமனையில் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை மல்லிகா கற்றுக்கொண்டாள். முதல் நாள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "கூச்சமா இருக்குதா அண்ணி?" என்று மல்லிகா கேட்டாளாம். "எனுக்கு கூச்சம் போயி ரொம்ப நாளாச்சி. உனுக்கு அருவருப்பா இல்லியா, அத சொல்லு" என்றாராம் அக்கா. அன்றிலிருந்து குழம்பில் உப்பு பற்றி அக்கா பேசியதாக எனக்கு நினைவில்லை.

கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வலித்தது. விறைப்புக்கு ஒரு மாத்திரை உண்டு. அதன் அளவைக் கூட்டினார்கள். விறைப்பு விட்டது. ஆனால் அந்த விறைப்பின் பலத்தில்தான் அக்கா இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கட்டிலிலிருந்து எழுந்தவர் கால் துவண்டு அப்படியே விழுந்தார். வயதும் ஸ்டீராய்டும் சேர்ந்து எலும்பை மெலிய வைத்திருந்தன. இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே செய்தார்கள். ஆனாலும் அதன் பிறகு அக்கா நடக்கவில்லை. வேலூர் டாக்டர் தானே வார்டுக்கு வந்து கட்டிலருகில் உட்கார்ந்து, "இன்னும் மெதுவா கூட்டியிருக்கணும் டீச்சர். வயசானவங்களுக்கு எவ்வளவு போதும்னு நாங்களும் பாத்துப் பாத்துதான் கத்துக்கறோம்" என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு முகாம் நடந்தது. சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். மேசையில் இருந்தவர் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம், "வயசானவங்களுக்கு கை கால் வராம போறது சகஜம்தாங்க. முதியோர் பென்ஷன் அந்தாண்ட கவுண்டர்" என்றார்.

"என்னான்ட பேசுங்க" என்றார் அக்கா. "நான் பென்ஷன் கேட்டு வர்ல. எனுக்கு வந்துகினு இருக்குது. என் நோவுக்கு சட்டத்திலயே பேர் இருக்குது. அந்தப் பேர எழுதிக் குடுங்க."

"எந்த நோவும்மா?"

மடியிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தார். கை நடுங்கியதால் நான் பிடித்துக்கொண்டேன். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள பட்டியலை முதல் வரியிலிருந்து, பின் வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும் பள்ளிக்கூடக் குரலில் படித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தன் நோயின் பெயர் வந்ததும் இரண்டு முறை வாசித்தார். உள்ளேயிருந்த அரசு டாக்டர் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்து, "சரிதான், எழுதுங்க" என்றார். வீடு திரும்பும்போது ஆட்டோவில் அக்காவுக்குக் கழுத்து நிற்கவில்லை. என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அந்த ஒரு காலை வேளைக்காக மூன்று நாள் படுத்துக் கிடந்தார். வெளியே பார்க்கிறவர்களுக்கு அந்தச் சோர்வு புரியாது. வேலை செய்து வருகிற அசதி இல்லை அது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவே பலம் இருக்காது.

கொரோனா வந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசியை அப்போது போடுவது ஆபத்து என்று தள்ளி வைத்தார்கள். அடுத்த முறையும் தள்ளிப்போனது. நோய் மறுபடி பாயும், புதிதாக ஒரு கையோ காலோ போகும் என்று பயந்து நாங்கள் தினமும் காலையில் அவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனிலும் புதிதாக எதுவும் இல்லை. ஊசியை மீண்டும் தொடங்கினார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நிமோனியா.

இரண்டாவது முறை அக்காவின் பேச்சே மாறிப்போயிற்று. என்னை அப்பா என்று அழைத்தார். மணி அடித்தாகிவிட்டதா, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களா என்று கேட்டார். நோய் மூளைக்கு ஏறிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். வந்து பார்த்த உறவினர் ஒருவர் வயதானால் புத்தி தடுமாறும் என்றார். இரண்டும் இல்லை. நுரையீரலோடு சிறுநீரிலும் கிருமி இருந்தது. அதற்கு மருந்து ஏற்றிய நான்காம் நாள் என்னைப் பார்த்து, "ஏன்டா ஷேவ் பண்ணாம நிக்கிற?" என்றார். வார்டு என்றும் பார்க்காமல் நான் அழுதேன்.

அந்த முறை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அக்காவுக்கு அப்போது அறுபத்தைந்து.

"டீச்சர், ஊசியை நிறுத்திடலாம்னு நினைக்கறேன். உங்களுக்கு நோய் பாய்ஞ்சு பல வருஷமாச்சு. இந்த வயசுல அது பாயறது குறைஞ்சு, மெதுவா தேயற மாதிரி மாறிடும். தேயறதை இந்த ஊசி பெருசா தடுக்கறதில்லை. ஆனா கிருமி வந்தா எதிர்க்கற சக்தியை நிச்சயமாத் தடுக்குது. அடுத்த நிமோனியாவை நீங்க தாங்குவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லை."

"நிறுத்தினா மறுபடி பாயாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"பாயவே பாயாதுன்னு சொல்ல முடியாது. வாய்ப்பு கம்மி. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

அண்ணனுக்குப் போன் போட்டோம். அவருக்குத் தாங்கவில்லை. "வயசாயிடுச்சின்னு கைகழுவுறாங்கடா. வேற டாக்டர பாக்கலாம். நான் சென்னைக்கு இட்டுகினு வந்துடறேன்" என்று கத்தினார். அக்கா போனை வாங்கினார்.

"நீ சொல்றது புரியுதுப்பா. ஊசி நின்னாலும் டாக்டர்கிட்ட போயிகினுதான் இருப்பேன். கால் பயிற்சி, மாத்திரை எல்லாம் அப்படியே இருக்குது. யாரும் என்ன கைகழுவல. நீ ஒண்ணும் பேஜார் ஆவாத."

அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சென்னையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கேட்டார். அவரும் அதையே சொன்னார்.

இப்போது நான் எழுதப்போவது அண்ணனுக்கும் இதுவரை தெரியாது. நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடம், என் மனதில் முதலில் வந்தது அக்காவின் உயிரைப் பற்றிய கணக்கு அல்ல. இனி நாற்காலியை மடக்கி, அவரைத் தூக்கி ஏற்றி, வேலூரில் நாள் முழுக்க வராந்தாவில் நின்று, காய்ச்சலோடு திரும்பக் கூட்டி வர வேண்டியதில்லை என்பதுதான் வந்தது. உடம்பெல்லாம் லேசானது போல் இருந்தது. அதற்காக நான் பட்ட வெட்கம் கொஞ்சமில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் மதியம், தறியிலிருந்து எழுந்து போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அக்கா, எனக்கு அலைச்சல் தாங்கலக்கா. அதனாலதான் சரின்னு தலையாட்டிட்டனோன்னு பயமா இருக்குது. உனக்கு வேணும்னா சொல்லு, போட்டுக்கலாம். நான் இட்டுகினு போறேன்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எனுக்கு மட்டும் தாங்குதா? அதுவும் ஒரு காரணம்தான்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன். அவங்க அதையும் எழுதிகினாங்க. போ, போயி நெய்யி."

ஊசியை நிறுத்திய கதை இதுதான். கேட்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அதன் பிறகு அக்கா நான்கு வருடம் இருந்தார். நோய் மறுபடி பாயவில்லை. முதல் இரண்டு வருடம் மருத்துவமனை வாசலையே மிதிக்கவில்லை என்று சொல்லலாம். வருடாந்தரச் சோதனை மட்டும்தான். ஆரணியிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பியிடம் சண்டை போட்டுக்கொண்டே கையை மடக்கி நீட்டினார். மதியம் செய்தித்தாளை மல்லிகா விரித்துப் பிடிக்க, அவர் உரக்கப் படிக்க, நான் நெய்துகொண்டே கேட்பேன். எங்களுக்கு அது நல்ல காலம்.

மூன்றாவது வருடத்திலிருந்து தேய ஆரம்பித்தார். விரல்கள் போயின. குரல் சன்னமானது. செய்தித்தாளை மல்லிகா படிக்க வேண்டியதாயிற்று. ஊசியை நிறுத்தியதால்தானா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "அப்படி நான் நினைக்கல. போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்னு நினைக்கறேன். ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது" என்றார். அவராலேயே சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்ல?

கடைசி மாதங்களில் விழுங்குவது சிரமமாகிவிட்டது. தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் போனது. மூக்கு வழியாகக் குழாய் வைக்கலாமா, தேவைப்பட்டால் சுவாசக் கருவி வைக்கலாமா என்று டாக்டர் அக்காவிடமே கேட்டார். மூக்குக் குழாய் ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். கருவி வேண்டாம் என்றார். அவரால் கையெழுத்துப் போட முடியாது. அதனால் அந்தத் தாளை நான் வரி விடாமல் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வைத்தார். முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் கைநாட்டு வைத்த அன்று, மை துடைக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடி நெஞ்சில் சளி. ஆரணி மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அவரே கேட்டதால் கூட்டி வந்தோம். வந்த மூன்றாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். மல்லிகா அவர் வாயை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நெய்துகொண்டிருந்தேன். சேலையின் முந்தானை போய்க்கொண்டிருந்தது, கண்ணை எடுக்க முடியாத இடம். எங்களுக்குத் திருமணமாகி முப்பது வருடம் ஆகிறது. அன்று முதல்முறையாக மல்லிகா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தறியை நிறுத்தினேன்.

அக்காவுக்கு வயது அறுபத்தொன்பது.

வேலூர் மருத்துவருக்கும், அங்கே வார்டில் இருந்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலியைத் தானே மடக்கி ஏற்றிய சேவூர் ஆட்டோக்காரருக்கும், மாதம் தவறாமல் வந்து உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை பேசிய ஆசிரியத் தோழிகளுக்கும், பக்கத்து வீட்டு விசேஷங்களில் ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் திருப்பாமல் வைத்த தெருக்காரர்களுக்கும் நன்றி. போனிலேயே அழுது, போனிலேயே சண்டை போட்டு, ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து எங்களை இரண்டு நாளாவது தூங்க வைத்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவருக்கு வெயிலில் கால் இழுத்து, நிழலில் சரியானால், எப்போதோ ஒரு கண் மங்கித் தெளிந்திருந்தால், வயது என்று விட்டுவிடாதீர்கள். ஒத்தடத்துக்கும் அழைத்துப் போகாதீர்கள். நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். வைத்தியம் நடக்கும்போது புதிதாக எது வந்தாலும் அதை அந்த நோயின் தலையிலும் போடாதீர்கள், வயதின் தலையிலும் போடாதீர்கள். கேளுங்கள். அவர்களிடமே கேளுங்கள்.

மல்லிகாவுக்கு நன்றி என்று அச்சில் போட வேண்டாம், வேறு யாருக்கோ சொல்வது மாதிரி இருக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் போடவில்லை. ஒன்றை மட்டும் எழுதிக்கொள்கிறேன். திதி அன்று வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சமையலுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். வந்ததும் உள்ளே பார்த்து மல்லிகாவிடம் தண்ணீர், காபி கேட்காதீர்கள். அவள் உங்களோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். காபி நான் போடுகிறேன். சர்க்கரை கூடக்குறைய இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.